சுலோஜனா வாய் திறந்தாள்

அத்தியாயம் 11

“கஸ்டமர் போல ஏசுங்களன்,” என்றாள் சுலோஜனா.

அவள் கணவன் விஜிதரன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டான். “என்ன புள்ள இது? நீங்க வந்து பாத்திட்டுப் போன பொறகும் ஏசி குளிருதில்ல. என்ன வேல செய்த நீங்க?”

அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏலாது சுலோ. உன்ன ஏச எனக்கு வாய் வருகுதில்ல.”

“கஸ்டமர் எல்லாரும் உங்களப் போல இரிப்பாங்களா? இன்னொருக்கா.”

மூலையில் உட்கார்ந்து பள்ளிச் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டிருந்த ஆறு வயது விதுர்ஷா எழும்பி வந்தாள். “நான் ஏசுறன் அம்மா.” வகுப்பு ரீச்சரைப் போல இடுப்பில் கையை வைத்தாள். “எங்க கொப்பி? ஏன் எழுதல்ல? கேட்டாப் பதில் சொல்லத் தெரியாதா? வாய் இல்லையா?”

விஜிதரன் விழுந்து விழுந்து சிரித்தான். சுலோஜனாவும் சிரித்தாள். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி அவளுக்குள் எங்கோ போய்த் தைத்தது.

செங்கலடிச் சந்திக்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டறை வீட்டில் ஒரு மாதமாகக் காலையில் நடப்பது இதுதான். தன்னாமுனைப் பயிற்சி நிலையத்தில் குளிரூட்டி திருத்தும் வேலையை ஒன்றரை வருடம் படித்து முடித்தவள் சுலோஜனா. பத்தொன்பது ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். செய்முறைப் பரீட்சையில் முதலாவது. என்.வி.கியூ. நான்காம் மட்டத் தொழில் சான்றிதழ் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. வேலைதான் இல்லை.

முதல் நேர்முகத்தில், “உங்களப் பத்திச் சொல்லுங்க” என்றார்கள். பெயரைச் சொன்னாள். அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல் கூரையில் சுற்றிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது இடம் ஒரு ஹோட்டல். பழுதான ஏசி ஒன்றைக் காட்டித் திருத்தச் சொன்னார்கள். அரை மணித்தியாலத்தில் திருத்தினாள். சாமான்களைத் துடைத்துப் பையில் போட்டாள். பேசாமல் வெளியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். அவள் ஏலாமல் விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்று மனேஜர் நினைத்துவிட்டார். செய்ததை அழகாக விளக்கிச் சொன்ன இன்னொருவருக்கு வேலை போனது.

“திருத்திட்டன் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே,” என்று அன்று விஜிதரன் கேட்டபோது, “அவர் கேக்கல்லையே” என்று சொல்லிவிட்டு அழுதாள்.

இன்று மூன்றாவது.

மாமி சின்னத்தங்கம் விடிய முந்தியே மரக்கறி விற்கச் சந்தைக்குப் போய்விட்டாள். போகும்போது மருமகளிடம் சொன்னது ஒன்றுதான். “வேல கெடச்சாலும் கெடைக்காட்டியும் மத்தியானம் பசியோட இரிக்காத.” சுலோஜனா படித்த ஒன்றரை வருடமும் பின்னேரங்களில் விதுர்ஷாவைச் சந்தையில் தன் பக்கத்தில் இருத்தி, கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே வீட்டுப்பாடம் செய்ய வைத்தவள் அவள்.

மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு விஜிதரன் ஓட்டோவை மட்டக்களப்புப் பக்கம் திருப்பினான். தன்னாமுனையைத் தாண்டும்வரை சுலோஜனா சொல்ல வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வாவி தெரிந்ததும் நிறுத்திவிட்டாள்.

“என்ன, மறந்து போச்சா?”

“இல்ல. பாடமாக்கினா அங்க போய் அதத்தான் ஒப்பிப்பன். இரிக்கட்டும்.”

வாவிக்கரை கூலிங் சேர்விஸ் நகரின் நடுவில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. கொழும்பில் தலைமைக் காரியாலயம் உள்ள கம்பெனி அது. இங்கே கிளைக்குப் பொறுப்பாக இருந்தவள் நஸ்ஹா. சாம்பல் நிற ஹிஜாப். மேசையில் மூன்று தொலைபேசிகள். சான்றிதழை ஒரு முறை பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

“இண்டைக்கு இன்டர்வியூ இல்ல சுலோஜனா. வேலை. அரை நாள் எங்கட சீனியர் டெக்னீஷியன் உதயரூபனோட போங்க. வந்த பொறகு அவர் என்ன சொல்றாரோ அதத்தான் நான் கேப்பன்.”

உதயரூபனுக்கு நாற்பது வயதிருக்கும். கம்பெனியின் வான் வண்டிக்குள் ஏறும்போதே ஒரு கையால் போனில் பேசிக்கொண்டு மறுகையால் கருவிப் பெட்டியைத் தள்ளி அவளுக்கு இடம் செய்து கொடுத்தார். “மத்தியானத்துக்கு முந்தி மூணு இடம் தங்கச்சி. சுறுக்காச் செய்யணும்.”

முதலாவது இடம் ஏறாவூரில் மீராசாஹிப்பின் கேக் கடை. வாசலிலேயே நின்றிருந்தார் மனிதர்.

“வாங்க வாங்க. போன மாசம்தானே காஸ் அடிச்சீங்க? மறுகாவும் குளிருதில்ல. நாளைக்கு ஒரு கலியாணம். மூணு தட்டுக் கேக். கிரீமெல்லாம் உருகப் போகுது. நான் அந்தக் கலியாண ஊட்டாக்களுக்கு என்னத்தச் சொல்ற?”

கேக் வைக்கும் கண்ணாடிக் குளிர்ப்பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே கை வைத்தால் வெளியில் இருப்பது போலவே வெப்பம். உதயரூபன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். “காஸ் இறங்கியிரிக்கும். தங்கச்சி, வான்ல இருந்து சிலிண்டர எடுங்க.”

சுலோஜனா போகவில்லை. பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள்.

சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள். பெட்டியின் வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சர் தகடுகளுக்கு இடையில் மாவும் சீனித்தூளும் படிந்து, ஈரத்தில் இறுகிக் காரை பூசியது போல இருந்தது. அதைக் குளிர்விக்கும் சின்ன விசிறி இழுத்து இழுத்துச் சுற்றியது. அங்கிருந்த குழாயில் விரலை வைத்தவள் உடனே எடுத்துக்கொண்டாள். அப்படியொரு சூடு.

காஸ் குறைந்தால் குழாய் இப்படிச் சுடாது.

உதயரூபனின் சொல்லில்தான் அவள் வேலை இருக்கிறது. சிலிண்டரை எடுத்துக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் முடியும். கெட்டிக்காரப் பிள்ளை, சொன்னதைச் செய்கிறாள் என்று அவரும் சொல்வார். நாளைக்குக் கிரீம் உருகும்.

மீராசாஹிப் பக்கத்திலேயே நின்றார்.

“அண்ணே, ஒருக்கா வெளிய வாறீங்களா? ஒண்டு கேக்கணும்.”

வானின் பின்கதவடியில் நின்று அவள் சொன்னாள். “காஸ் அடிக்க முந்திக் கேஜ் போட்டு ஒருக்காப் பாப்பமா அண்ணே? பின்னால குழாய் கை வைக்க ஏலாத சூடு. கண்டென்சர் முழுக்க மா அடைஞ்சி கிடக்கு. விசிறியும் ஒழுங்காச் சுத்துதில்ல. காஸ் சரியா இரிக்கும் எண்டு நினைக்கிறன். இன்னும் அடிச்சமெண்டா கொம்பிரசர் போயிரும்.”

உதயரூபன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “பதினஞ்சு வருசமா இந்த வேல செய்றன் தங்கச்சி.”

“ஓம் அண்ணே. அதாலதான் அவருக்கு முன்னால சொல்லாம உங்கள்ட்டக் கேக்கிறன். நான் சொல்றது பிழையா இரிந்தா ரெண்டு நிமிசம்தான் வீண்.”

தெருவில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அவர் வானுக்குள் குனிந்தார். பிறகு கருவிப் பெட்டியைத் திறந்து, அழுத்தம் அளக்கும் கேஜை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“நீங்களே போடுங்க.”

காஸ் சரியாகவே இருந்தது. அழுத்தம்தான் எல்லை தாண்டி நின்றது.

உதயரூபன் பெருமூச்சு விட்டார். அடுத்த இடத்துக்குப் போன் எடுத்து, வர நேரமாகும் என்று சொன்னார். இரண்டு பேரும் பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்தார்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சுலோஜனா தரையில் சப்பாணி கட்டி இருந்து தூரிகையால் தகடு தகடாகத் தட்டினாள். ஊதுகருவியால் அடித்தபோது மாத்தூள் பறந்து இரண்டு பேரின் தலையும் நரைத்துப் போனது. அவர் விசிறியைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டார். திரும்பப் பூட்டிப் போட்டதும் காற்று சீறிக்கொண்டு வந்தது.

முக்கால் மணித்தியாலத்தில் பெட்டியின் முன்னால் இருந்த சின்னத் திரையில் இலக்கம் இருபத்தெட்டிலிருந்து எட்டுக்கு இறங்கியது.

முன்பென்றால் இந்த இடத்தில் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்திருப்பாள். கை பைக்குத்தான் போனது. பிறகு நிமிர்ந்து, மீராசாஹிப்பை ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள்.

“காக்கா, ஒருக்கா இஞ்ச வந்து பாருங்க. இந்தத் தகட்டுக்குள்ளால காத்துப் போகணும். மாப் பறந்து வந்து அடைச்சிப் போட்டுது. அதுதான் குளிரல்ல. இப்ப சுத்தமாக்கியாச்சு. பெட்டிய மறுகா சுவரோட ஒட்ட வெச்சிராதீங்க, ஒரு முழம் விடுங்க. மாச் சலிக்கிற இடத்த அங்கால மாத்த ஏலுமெண்டா இன்னும் நல்லம். கிழமைக்கு ஒருக்கா மெல்லிய பிரஷ்ஷால தட்டி விடுங்க. கேக்குகள இன்னும் ஒரு மணித்தியாலம் கழிச்சி வைங்க.”

இவ்வளவையும் தான்தான் சொன்னோமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

மீராசாஹிப் குனிந்து பார்த்தார். தலையை ஆட்டினார். நிமிர்ந்தபோது நெற்றி சுருங்கியிருந்தது. “அப்ப போன மாசம் நான் இல்லாத நேரம் வந்து காஸ் அடிச்சாங்களே புள்ள, அது சும்மாவா?”

சுலோஜனா திகைத்துப் போனாள். ஓம் என்றால் பக்கத்தில் நிற்பவரின் கம்பெனியைக் காட்டிக்கொடுத்ததாகும். இல்லை என்றால் பொய்.

“போன மாசம் நான் வரல்ல காக்கா. அண்டைக்கு எப்பிடி இரிந்த எண்டு எனக்குத் தெரியா. இண்டைக்குக் கண்டதத்தான் சொல்ல ஏலும்.”

“அண்டைக்கு வந்தது நான்தான்,” என்றார் உதயரூபன். துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார். “அவசரத்தில பின்னால பாக்காம விட்டிட்டன். என்ட பிழைதான் காக்கா. ஒபிஸ்ல சொல்லி அந்தக் காச நேர் பண்ணித் தாறன்.”

மீராசாஹிப் அவரைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, “ரெண்டு பேருக்கும் தண்ணியும் கேக்கும் குடுங்க” என்றார்.

வான் வண்டி அடுத்த இடத்துக்குப் புறப்பட்டது. அவள் மடியில் வேலைச் சீட்டை வைத்து, என்ன பழுது, என்ன செய்தோம் என்று இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை. உதயரூபன் எட்டிப் பார்த்தார். ஒன்றைத் திருத்தச் சொன்னார். மற்றது அவருக்கும் தெரியவில்லை.

“வெளிய கூப்பிட்டுச் சொன்ன பாருங்க, அது நல்லம். உள்ளுக்கு நிண்டே சொல்லியிரிந்தா எனக்கு விசர்க் கோவம் வந்திரிக்கும். சரியெண்டு தெரிஞ்சாலும் கேட்டிரிக்க மாட்டன்,” என்றார்.

மற்ற இரண்டு இடமும் முடிந்து திரும்பிய பிறகு, பகல் இரண்டு மணிக்கு நஸ்ஹா அவளைக் கூப்பிட்டாள். தலையில் இன்னும் மா ஒட்டியிருந்தது.

“உதயரூபன் எல்லாம் சொன்னார். தன்ட பிழையையும் சொன்னார். உங்கள எடுக்கிறம் சுலோஜனா.”

அவளுக்குக் கண் கலங்கியது. “தேங்ஸ் மிஸ்.”

“ஒண்டு இரிக்கு. புதுசா எடுக்கிற எல்லாரும் கொழும்பில மூணு மாசம் ட்ரெய்னிங் செய்யணும். புது வகை மெஷின்கள் இங்க இல்ல. தங்கிற இடம் கம்பெனி தரும். வாற மாசம் முதலாம் திகதி. போறதா இல்லையா எண்டு இண்டைக்கு அஞ்சு மணிக்குள்ள எனக்குச் சொல்லுங்க.”

வெளியே ஓட்டோவில் காத்திருந்த விஜிதரன் அவள் முகத்தைப் பார்த்ததும் இறங்கி ஓடி வந்தான். “கெடச்சிட்டு!” என்றாள். நடுத்தெரு என்றும் பாராமல் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணிலும் தண்ணீர்.

கொழும்பைப் பற்றி ஏறாவூர் தாண்டிய பிறகுதான் சொன்னாள். அவன் “ம்” என்றான்.

வீட்டில் மாமி சோறு போட்டுவிட்டு முழுக்கதையையும் கேட்டாள். மருமகளின் தலையிலிருந்த மாவை முந்தானையால் தட்டிவிட்டாள். “மூணு மாசம்தானே? கண்ண மூடி முழிக்க முந்திப் போயிரும். புள்ளய நான் பாக்கிறன். நீ போ.”

விதுர்ஷா, “கொழும்பில கடல் இரிக்கா? யானை இரிக்கா?” என்று கேட்டாள்.

விஜிதரன் மட்டும் எழும்பி முற்றத்துக்குப் போனான். காலையில் கழுவிய ஓட்டோவைத் திரும்பவும் துடைக்கத் தொடங்கினான்.

சுலோஜனா கையைக் கழுவிவிட்டு அவனிடம் போனாள்.

“இஞ்சேருங்க. ஒரு மாசமா என்னப் பேசு பேசு எண்டு சொன்னது நீங்க. இப்ப நீங்க வாயத் திறக்காம நிக்கிறீங்க.”

“என்னத்தச் சொல்ல?”

“மனசில கிடக்கிறத.”

அவன் துணியைப் பிழிந்தான். தண்ணீர் வரவில்லை. காய்ந்த துணிதான்.

“நான் கட்டாருக்கு வேலைக்குப் போகக்குள்ள புள்ளைக்கு அஞ்சு மாசம். மூணு வருசம் கழிச்சி வந்து எயார்போட்ல கையை நீட்டுறன். அவ உன்ட கழுத்தக் கட்டிக்கொண்டு கத்துறா. வீட்ட வந்து நாலு மாசம் நான் அவக்கு ‘அந்த மாமா’. ராவில தடவினாலும் விலகிப் படுப்பா. உனக்குத் தெரியும். அது மூணு வருசம், இது மூணு மாசம். எனக்கும் கணக்குத் தெரியும் சுலோ. ஆனா அந்த நெனப்பு விடுதில்ல. போகாத எண்டு சொல்ல எனக்கு உரிமை இல்ல. நீ எவ்வளவு பாடுபட்ட எண்டு பாத்துக்கொண்டு இரிந்தவன். போ எண்டு சொல்லவும் வாய் வருகுதில்ல.”

சுலோஜனா ஓட்டோவின் பின் ஆசனத்தில் இருந்தாள். அவனையும் இழுத்துப் பக்கத்தில் இருத்தினாள். இத்தனை வருடத்தில் அவன் இதைச் சொன்னதே இல்லை. அந்த நான்கு மாதமும் சிரித்துக்கொண்டே பிள்ளைக்குப் பந்து உருட்டி விளையாடிய மனிதன்.

“இத ஏன் அண்டைக்கே சொல்லல்ல?”

“நீ கேக்கல்லையே,” என்றான்.

அவள் அவன் தோளில் தலையைச் சாய்த்தாள். முற்றத்தில் கோழி ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றது.

“நான் போகணும்,” என்றாள் அவள். “அந்த மெஷின்களப் படிக்காட்டி இந்த வேலைல நிலைக்க ஏலாது. ஆனா மூணு மாசத்தையும் ஒரே மூச்சில செய்யத்தான் வேணுமா எண்டு கேட்டுப் பாப்பமா?”

“ஆரிட்ட?”

“நஸ்ஹா மிஸ்ஸிட்ட.”

“கேட்டு, வேலையே இல்லையெண்டு சொல்லிட்டா?”

“இல்லையெண்டா அத அவ சொல்லட்டும். நாமளே சொல்லிக்கொள்ளத் தேவல்ல.”

நாலரை மணி. அவள் போனை எடுத்தாள். விஜிதரன் எழும்பி நின்றான். வாசலில் மாமியும், மாமியின் சேலையைப் பிடித்துக்கொண்டு விதுர்ஷாவும்.

“மிஸ், சுலோஜனா. எனக்கு இந்த வேல வேணும். ட்ரெய்னிங்கும் வேணும். வருவன். ஆனா எனக்கு ஆறு வயசில ஒரு புள்ள இரிக்கு. அவட அப்பா வெளிநாட்டில இரிந்து வந்த பொறகு அவ அவரோட சேரவே கனநாள் எடுத்தது. அதால கேக்கிறன். மூணு மாசத்தையும் ஒண்டாச் செய்யாம, ரெண்டு வாரம் கொழும்பு, ஒரு வாரம் இங்க உதயரூபன் அண்ணனோட வேல எண்டு மாறி மாறிச் செய்ய ஏலுமா? முடிய ஒண்டு ரெண்டு மாசம் கூடப் போகும். அங்க படிச்சத இங்க உடனே செய்து பாக்கவும் ஏலும்.”

மறுபக்கத்தில் யாரோ தட்டச்சுச் செய்யும் சத்தம் மட்டும் கேட்டது.

“சுலோஜனா,” என்றாள் நஸ்ஹா மெதுவாக. “போன வருசம் இங்க இருந்து ரெண்டு பேர் போய் அரைவாசியில விட்டிட்டு வந்தாங்க. ஒராள் புதுசா கலியாணம் முடிச்சவர். மத்தவர்ட உம்மாக்குச் சுகமில்ல. ரெண்டு பேரும் முன்னமே ஒரு சொல்லுக் கேக்கல்ல. கேட்டிரிந்தா நான் ஏதும் செய்து பாத்திரிப்பன்.”

சுலோஜனா போனைச் சற்று விலக்கி, விஜிதரனும் கேட்கப் பிடித்தாள்.

“ஆனா இத நான் முடிவெடுக்க ஏலாது. ட்ரெய்னிங்குக்குப் பொறுப்பான அதிகாரி நாளைக்குக் காலைல கொழும்பில இருந்து இங்க வாறார். பகலைக்குப் போயிருவார். வந்து அவர்ட்டச் சொல்லுங்க. அவருக்குத் தமிழ் தெரியாது. நான் பக்கத்தில இரிப்பன், ஆனா மொழிபெயர்க்க மாட்டன். உங்கட கதைய நீங்கதான் சொல்லணும். சிங்களத்தில, இல்லாட்டி இங்கிலீஷ்ல.”

பக்கத்தில் காதை வைத்திருந்த விஜிதரனின் முகம் வெளுத்தது. சுலோஜனாவுக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கவே போதாது. இங்கிலீஷ் என்றால் மெஷின் உறுப்புகளின் பெயர்கள் தெரியும். ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு நான்கு மாதம் அந்நியனாக இருந்ததைச் சொல்ல அவை உதவாது.

ஏலாது என்று சொல்லச்சொல்லி அவன் கையால் சைகை காட்டினான்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தின மணிக்கு வரணும் மிஸ்?” என்றாள்.